பள்ளிச் சுவரோரம் ஒரு ரகசியம்

தென்னாப்பிரிக்காவின் மாமெலோடியில் மாலை வெயில் பள்ளிச் சுவரில் சாய்ந்திருக்கிறது. நகராட்சியின் இலவச வைஃபை இந்தச் சுவரோரம்தான் எட்டும் என்பதால், கவிழ்த்த பீர் கிரேட்டுகளில் தெருவே உட்கார்ந்திருக்கிறது. மொசிடியின் கைபேசியில், கப்பலில் வேலை பார்க்கும் கணவன் செல்லோ சிரிக்கிறான். எட்டிப் பார்ப்பவர்கள் விசாரிக்காமல் விடுவார்களா? "என்னப்பா, இப்படி இளைச்சுட்ட!" "வீட்டுக்கே ஃபைபர் இழுத்துக்கோடி, படுத்துக்கிட்டே கொஞ்சலாம்," என்கிறாள் பக்கத்து கிரேட்டில் உட்கார்ந்திருக்கும் ஜோஹன்னா. "மாசாமாசம் பில்லை உன் புருஷன் கட்டுவாராக்கா?" சிரிப்பு வெடிக்கிறது. மொசிடி குரலைத் தாழ்த்துகிறாள். "கிளம்புறப்ப காதுல சொன்னியே, அதை இன்னொருவாட்டி சொல்லேன்." "இத்தனை பேர் முன்னாடியா? தள்ளிப் போ." எழுந்து, சுவரை விட்டு நடக்கிறாள். தெருவின் பேச்சொலி தேய்கிறது. அவன் உதடுகள் பிரிகின்றன. குரல் வருமுன் படம் அப்படியே உறைகிறது. சுவருக்கே ஓடி வருகிறாள். "கேட்டுச்சா?" என்கிறான் செல்லோ, வெட்கத்துடன். தெருவே அவளைப் பார்க்கிறது. "கேட்டுச்சு," என்கிறாள்.