எதிர் வீட்டு மருமகள்

“அங்க பாருங்க... நம்ம எதிர் வீட்டு மருமகள்தானே அது?”

மனைவி முழங்கையால் இடித்த வேகத்தில், குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கையிலிருந்த பீர் சட்டையில் சிந்தியது.

பீரை அங்கேயே காய்ச்சி, அங்கேயே பரிமாறும் உணவகம் அது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய அண்டாக்கள் பளபளத்தன. “சாப்பாடு பிரமாதமா இருக்கும்” என்று சொல்லித்தான் மனைவியை அழைத்து வந்திருந்தார். சாப்பாடு இன்னும் வரவில்லை. அவருக்கு இரண்டாவது கிளாஸ் வந்துவிட்டது.

மூலை மேஜையில் எதிர் வீட்டு மருமகள். அவள் முன்னால் நுரை ததும்ப ஒரு உயரமான கிளாஸில் கறுப்பு பீர். எதிரே அவள் மாமியார், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. எலுமிச்சை ஜூஸைப் பிடித்தபடி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

“மாமியாரை எதிர்ல வச்சுக்கிட்டே! கலி முத்திப்போச்சு.”

“நமக்கு எதுக்கு ஊர் வம்பு?”

“பொம்பளை குடிக்கிறது உங்களுக்கு நல்லா இருக்கா?”

“நல்லா இல்லதான்,” என்று ஒரு வாய் உறிஞ்சினார் செயலாளர்.

அதற்குள் அவர் மனைவி மூலை மேஜைக்கே போய்விட்டாள்.

“டீச்சரம்மா, உங்களுக்கா இந்த நிலைமை?”

டீச்சரம்மா வாயைத் திறப்பதற்குள் மருமகள் முந்திக்கொண்டாள்.

“அத்தை வரமாட்டேன்னுதான் சொன்னாங்க ஆன்ட்டி. நான்தான் வம்பு பண்ணிக் கூட்டிட்டு வந்தேன்.”

“சரி, இது என்ன கண்றாவி?”

“பீர்தான் ஆன்ட்டி. பார்த்தாலே தெரியுதே.”

“வெட்கமா இல்ல? ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தவங்க வீடு அது. உன்னைப் பெத்தவங்க இப்படித்தான் வளர்த்தாங்களா?”

மருமகளுக்கு முகம் சுருங்கியது. பீர் கிளாஸை இன்னும் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. தங்கமான பொண்ணு...” என்றார் மாமியார்.

“பார்த்தியா, இப்பவும் உன்னை விட்டுக்கொடுக்கலை! இப்படி ஒரு மாமியார் கிடைக்க நீ கொடுத்து வச்சிருக்கணும்.”

“அது உண்மைதான் ஆன்ட்டி.”

செயலாளரின் மனைவி தன் இடத்துக்குத் திரும்பினாள். மூலை மேஜை கண்ணில் படாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

“நாளைக்கே சங்கத்துல நாலு பேர்கிட்ட சொல்லணும்.”

“சொல்லிடலாம்,” என்ற செயலாளர், அடுத்த கிளாஸுக்குக் கை காட்டினார்.

மூலை மேஜையில் மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

“பொழுது விடிஞ்சா குடியிருப்பு முழுக்க உன் பேரு நாறுமேம்மா.”

மருமகள் திரும்பிப் பார்த்தாள். செயலாளர் மனைவியின் முதுகுதான் தெரிந்தது. எலுமிச்சை ஜூஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, கறுப்பு பீரை மாமியார் பக்கம் தள்ளினாள்.

“மருமகள்னாலே பேர் கெடறதுக்குப் பொறந்தவதானே அத்தை, புதுசா என்ன கெட்டுடப் போகுது? நீங்க குடிங்க, நுரை அடங்குது.”