காலி நாற்காலி

"என் வீட்டுக்காரருக்கு இதை எழுதின ஆளைக் கூப்பிடுங்க."

வலைத்தள வடிவமைப்பாளர்களின் மாதக் கூட்டம். வாசலில் பெயர் பதிந்துகொண்டிருந்தவரிடம் அவள் கைபேசியை நீட்டினாள். அவர் படித்தார்.

'பெயர் கொடுத்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் இப்படி வராமல் இருப்பது நியாயமா? உங்களுக்காகப் போட்ட நாற்காலி காலியாகவே கிடந்தது.'

"வராதவங்களுக்குத் தானாப் போற மெயில்மா. உங்க வீட்டுக்காரர் நிரந்தர உறுப்பினர். நாலு மாசமா ஆளே காணோம், அதான்..."

"எப்படி வருவார்? இங்க வரக் கிளம்பி ஷூ மாட்டும்போதே போய்ச் சேர்ந்துட்டார். மாசாமாசம் செத்தவரைத் திட்டுறீங்க. எழுதினவன் மூஞ்சியைப் பார்த்து நாலு வார்த்தை கேட்காம நகரமாட்டேன்."

அவர் பதறி எழுந்தார்.

"மன்னிச்சுடுங்கம்மா. நான் பொறுப்பெடுத்தே ஒரு வாரம்தான். எழுதினவர் பேர் ப்ரோக்ராம்லயே இருக்கும்."

மடிக்கணினியில் தேடினார். சட்டென்று கை நின்றது. திரையை அவள் பக்கம் திருப்பினார்.

எழுதியவர் என்ற இடத்தில் அவள் கணவனின் பெயர் இருந்தது.

அந்த வரிகளை அவள் இன்னொரு முறை படித்தாள்.

"இப்பவே நிறுத்திடறேம்மா."

"வேண்டாம். அவருக்கு அனுப்பிக்கிட்டே இருங்க. நானும் அதைத்தான் கேட்கணும்."