பூட்டப்பட்ட மாப்பிள்ளைகள்

"மாப்பிள்ளை போட்டோன்னு மெயில் வந்துச்சு தம்பி. திறந்தேன், எல்லாம் பூட்டிக்கிச்சு" என்றார் கல்யாணத் தரகர் அமலராணி.

கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்க வந்த எழிலன் திரையைப் படித்தான். பணம் கொடுத்தால்தான் சாவி என்றிருந்தது.

"இது ரான்சம்வேர், அக்கா. பணம் பறிக்கறவன் எவனோ மெயிலோட உள்ள வந்து உங்க ஃபைலை எல்லாம் பூட்டிட்டான். வேற எங்கயாவது நகல் இருக்கா?"

"இல்லையே! கோவில்பத்துலேருந்து விழிதியூர் வரைக்கும் அத்தனை பொண்ணு மாப்பிள்ளை விவரமும் இதுலதான். போனா என் தொழிலே போச்சு."

எழிலனுக்குப் பாவமாக இருந்தது. "நம்பிக்கைக்காக ஒரே ஒரு ஃபைலை மட்டும் சும்மா திறந்து தருவானாம். ஒரு மாப்பிள்ளையையாவது காப்பாத்தலாம். யாருன்னு சொல்லுங்க."

அமலராணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணு போதும் தம்பி. இருக்கறதே ஒண்ணுதான்."

"என்னக்கா சொல்றீங்க?"

"எனக்குப் புது ஃபைல் போடத் தெரியாது. எல்லாரையும் ஒரே ஃபைல்ல ஒருத்தருக்குக் கீழ ஒருத்தரா அடிச்சு வச்சிருக்கேன்."

எழிலன் அந்த ஃபைலை அனுப்பினான். சற்று நேரத்தில் அது திறந்து திரும்பி வந்தது. மாப்பிள்ளைகள் அனைவரும் பத்திரமாக இருந்தார்கள்.

அமலராணி திரையை உற்றுப் பார்த்தார்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டானே! கல்யாணம் ஆயிடுச்சான்னு கேளு தம்பி."