அவசரக் கெட்டிமேளம்

கிட்ட வாங்க, கண்ணுங்களா. இன்னும் கொஞ்சம் கிட்ட. ஒரு பாட்டுக்காரரின் கதை சொல்கிறேன். பாட்டு ஊர் முழுக்கக் கேட்டது. கதையை அப்படிச் சத்தமாகச் சொல்ல முடியாது.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, எங்கள் தெருவில் பந்தல். செவ்வந்திக்குக் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் மணவறையில் மாலையும் கழுத்துமாக வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தாலி எடுத்துக் கொடுக்க வந்தவர் சினிமாவுக்கு இசை போடுகிற துரைராசு. மாப்பிள்ளையின் அப்பா ரெத்தினம் கட்சியின் கிளைச் செயலாளர். அவர் கூப்பிட்டு வந்தவர்.

ஒரு காலத்தில் எங்களை வரப்பில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்ட பண்ணை வீட்டுப் பிள்ளைதான் இந்தத் துரைராசு; இப்போது கரைவேட்டி கட்டிக்கொண்டு எங்கள் தெருவில் கும்பிட்டபடியே நடந்தார். அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறாராம். ஓட்டு வந்தால் தீட்டு ஓடிப்போகும் போல.

எடுத்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஒரு கையில் தாலி, ஒரு கையில் மைக். விடுவாரா?

தன் வாலிபத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ரைஸ்மில் கொட்டகையில் கூட்டாளிகளோடு ஒத்திகை பார்த்தது. தரங்கம்பாடியிலிருந்து ஜெக்கரியா கிடாரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்தது. புல்புல்தாரா வாத்தியத்தின் கம்பி அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துக் கட்டியது.

அழகாகத்தான் சொன்னார். சோற்றுக் கவலை இல்லாதவனுக்கு எல்லாக் காலமும் அழகுதான். மில் யாருடையது, அதில் அரைபட்ட நெல்லை அறுத்தது யார் என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரவில்லை.

"ஒருநாள் மதகுல உக்காந்திருந்தேன். எதிர்த்த வயல்ல நடவு. நம்ம தாய்மார்கள் குனிஞ்ச தலை நிமிராம, தோளு குலுங்கக் குலுங்க ஒரு பாட்டுப் பாடினாங்க. சந்தோஷம்னா இதுதாண்டான்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது!"

அந்த மெட்டைத்தான் கொஞ்சம் வேகமாக்கி, கல்யாணப் பாட்டாகப் படத்தில் போட்டார். சீர்காழி வரைக்கும் அது ஒலிக்காத கல்யாணப் பந்தல் கிடையாது. எங்கள் தெருவில் மட்டும் யாரும் போடுவதில்லை.

"அதை இப்ப பாடப் போறேன். அன்னிக்குப் பாடின தாய்மார்கள் யாராவது இங்க இருந்தா, ஒரு குலவை போடுங்க பாப்போம்!"

ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. வெட்கப்படுகிறார்கள் என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். தொண்டையைச் செருமிப் பாட்டை எடுத்தார்.

பெண்ணைப் பெற்றவள் பெயர் அம்சம். தாலி அறுத்தவள் என்பதால் மணவறைப் பக்கம் வராமல், கடைசிப் பந்தக்கால் ஓரமாக நின்றிருந்தாள். வீட்டு ரேடியோவில் இந்தப் பாட்டு வந்தால் எழுந்துபோய்த் திருகி நிறுத்திவிடுவாள். எங்கம்மாவுக்கு நல்ல பாட்டே ஆகாது என்று செவ்வந்தி கேலி செய்வாள்.

அந்தச் செவ்வந்தி மணையில் உட்கார்ந்து, தலைப்பூ ஆட, மெட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

அம்சம் அதைப் பார்த்தாள்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

அது அவள் குரல்தான். முதல் அடிகூட முடியவில்லை.

கெட்டிமேளம் எதற்கு, கண்ணுங்களா? தாலி ஏறுகிற நேரத்தில் ஒரு தும்மல், ஓர் அழுகை, ஓர் ஆகாத சொல் பெண்ணின் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதற்கு. அதைப் பெரிய மனுஷர் யாராவதுதான் சொல்வார்கள். அறுத்தவள் சொல்கிற வழக்கம் இல்லை. ஆனால் தவுல்காரர் ஆளையா பார்ப்பார்? விழுந்த அடியில் பந்தல் அதிர்ந்தது. நாயனம் எகிறியது. மைக்குக்கு முன்னால் துரைராசுவின் வாய் மட்டும், கரையில் தூக்கிப் போட்ட கெளுத்தி மாதிரி, திறந்து திறந்து மூடியது.

மேளம் கொட்டிய பிறகு தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க முடியுமா? அட்சதை வேறு பறந்து வந்து அவர் தலையிலேயே விழுகிறது. நீட்டினார். மாப்பிள்ளை வாங்கிக் கட்டினான்.

பந்தலே சிரித்தது.

"என்ன சம்மந்தியம்மா, எம் புள்ள எந்திரிச்சு ஓடிடுவான்னு பயந்துட்டீங்களா?" என்றார் ரெத்தினம்.

"புள்ளைங்க பசியோட உக்காந்திருக்குங்க, அதான்" என்றாள் அம்சம்.

துரைராசு கை நனைக்காமல் கார் ஏறினார். இதுங்களுக்கு என்ன சங்கீதம் தெரியும் என்று கார்க் கதவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வாஸ்தவம். எங்களுக்குச் சங்கீதம் தெரியாது. அவர் மதகில் உட்கார்ந்திருந்த அன்று, எதிர் வயலில் நட்டவர்களில் நானும் ஒருத்தி. கூலியில் ஒரு மரக்கால் நெல் கூட்டிக் கேட்ட மருதையனை முந்தின நாள்தான் அவர் அப்பாவின் ஆட்கள் அடித்து வாய்க்காலில் போட்டிருந்தார்கள். உடம்பைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது. தெருவில் ஒப்பாரி கேட்கக் கூடாது, அத்தனை பேரும் நடவுக்கு இறங்க வேண்டும் என்று பண்ணையிலிருந்து உத்தரவு.

ஒப்பாரி வைக்கிறவர்கள் ஒருத்தி தோளை ஒருத்தி கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் கையில் நாற்று இருந்தது. அதனால் குனிந்தபடியே, நடவுப் பாட்டு மாதிரி பாடி அழுதோம். அதைத்தான் அவர் பார்த்தார், தோள் குலுங்கியதை.

ஒப்பாரியை எடுத்துக் கொடுத்தவள் மருதையனின் பெண்டாட்டி அம்சம். அன்றைக்குச் செவ்வந்தி அவள் வயிற்றில் இருந்தாள்.

அப்பன் கால் தவறி விழுந்து செத்தான் என்று சொல்லித்தான் பெண்ணை வளர்த்தாள். பிள்ளை பயமில்லாமல் அந்த வரப்பில் நடக்க வேண்டுமே. தெருவும் அதையே சொன்னது. தாலி அந்தப் பண்ணை வீட்டுக் கையிலிருந்து வருகிறது என்பதைக்கூட, சம்பந்தியை எதிர்த்துப் பேசாமல் விழுங்கிக்கொண்டாள். அப்பனுக்கு வைத்த ஒப்பாரி தாலி ஏறும்போது மகள் காதில் விழுவதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

போய்ட்டு வாங்க, கண்ணுங்களா. உங்கள் வீட்டுப் பந்தலில் கொட்டுகிற மேளம், எதையும் மறைக்க வேண்டியில்லாமல் சந்தோஷத்துக்கே கொட்டட்டும். பெண்ணைப் பெற்றவள் மணவறைக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும்.