தம்பிஐயாவின் கறுப்புச் சோடா

கிட்ட வந்து இருங்கோ, என்ரை குஞ்சுகள். பருத்தித்துறையில் ஒருத்தி தன் புருஷனின் பைக்குள் களவாய்க் கையை விட்ட கதை ஒன்று சொல்லுறன். சின்னக் கதைதான். அடுப்பில் வைத்த உலை கொதிக்க முன்னம் முடிந்துவிடும்.

கிணற்றடியில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. தம்பிஐயா முகம் கழுவி வர இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். குணலட்சுமி அவர் கடலுக்குக் கொண்டுபோகிற பையின் அடியில் கையை ஓட்டினாள். அவர் உடுக்கிற பழைய சாரத்துக்குள் சுற்றி ஒளித்து வைத்திருந்த போத்தல் இன்றைக்கும் இருந்தது. கறுப்புச் சோடா, கழுத்து வரை.

நேற்றும் கழுத்து வரைதான் இருந்தது. முந்தநாளும் அப்படித்தான். நாளுக்கு ஒன்றாய் வாங்கிக் குடிக்கிறாரே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. லேபல் உப்புக்காற்றில் வெளுத்துப் பாதி உரிந்து கிடந்தது. கடைக்காரன் பழைய சரக்கை இந்த மனுசன் தலையில் கட்டுகிறானாக்கும் என்று அவனையும் மனதுக்குள் திட்டினாள்.

அவரைச் சீனி வருத்தத்துக்குக் காட்டுகிற கிளினிக்கில் நேர்ஸ் பிள்ளை சொன்னது காதுக்குள் நின்றது. "அம்மா, ஒரு போத்தலுக்குள்ளை ஒரு கை நிறையச் சீனி கிடக்கு. சோறு எண்டால் ஆறுதலாச் செமிச்சுத்தான் இரத்தத்திலை சேரும். உது குடிச்ச கையோடை ஏறும். கண், ஈரல், சிறுநீரகம், கால் எண்டு ஒண்டையும் விடாது."

பக்கத்து வீட்டுக் கமலாவதியின் புருஷன் அதே வருத்தத்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் கதிரையில் இருப்பதை அவள் தினமும் பார்க்கிறாள்.

மூடியைத் திருகினாள். 'டிக்' என்று வளையம் உடைந்தது. சோடாவை வாழையடியில் ஊற்றினாள்; நுரைத்துக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியது. சீனி போடாத தேத்தண்ணியை ஆற்றி, அதே போத்தலில் அதே அளவுக்கு நிரப்பி, சாரத்தில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தாள். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் அவருக்கு அவள் செய்த முதல் வஞ்சகம் அது.

"இஞ்சை, புட்டு அவிஞ்சிட்டுதே?" என்று கேட்டபடி தம்பிஐயா உள்ளே வந்தார்.

"இப்பத்தான் அடுப்பிலை வைச்சனான்."

"இன்சுலின் ஊசியும் போட்டிட்டன், இவள் இப்பத்தான் வைச்சவளாம்! சரி விடு, ஜெயசுதன் வள்ளத்தடியிலை நிண்டு கத்தப்போறான். வந்து சாப்பிடுறன்."

"வெறுவயித்தோடையே போறியள்?"

"நீ ஒருநாளும் இப்பிடிப் பிந்தமாட்டியே. என்னடியப்பா, நிண்டபடி நித்திரை கொண்டனியே?"

அவர் சிரித்தார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெயில் ஏறமுன்னமே வள்ளம் கரைக்குத் திரும்பிவிட்டது. குணலட்சுமி ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போனபோது தம்பிஐயாவின் கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. கண் மூடியிருந்தார். அவரோடு வள்ளத்தில் போகிற ஜெயசுதன் ஈரச் சாரத்தோடு வாசலில் நின்றான்; அவனுக்குப் பேச்சுத் திக்கியது.

"வலை இழுக்கேக்கை கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, அப்பிடியே சாய்ஞ்சிட்டார் அக்கா. 'பையிலை போத்தல்' எண்டு மட்டும்தான் சொன்னவர். நான்தான் எடுத்துப் பருக்கினனான். ரெண்டு மிடறு குடிச்சார். பேந்து போத்தலை ஒருக்காப் பாத்தார், கரைப்பக்கம் ஒருக்காப் பாத்தார், கண்ணை மூடிட்டார்."

"உயிர் போற நேரத்திலையும் உந்தச் சோடாதான் கேட்டதே இந்த மனுசனுக்கு?"

ஆத்திரமும் அழுகையும் அவளுக்கு ஒன்றாய் வந்தன. அதற்குள்ளும் ஒரு சின்ன ஆறுதல். நல்லகாலம், மாற்றி வைத்தேன். இல்லாவிட்டால் அந்தச் சீனியும் சேர்ந்து ஆளைக் கொண்டுபோயிருக்கும்.

தம்பிஐயா மெல்லக் கண் திறந்தார். டொக்டர் பிள்ளை வந்து நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஏசத் தொடங்கினாள்.

"ஐயா, சீனி கூடி நீங்கள் விழேல்லை. அடியோடை இறங்கித்தான் விழுந்தனியள். ஊசியைப் போட்டிட்டுச் சாப்பிடாமல் போய் வலை இழுத்தால் வேறை என்ன நடக்கும்? போன மாசமும் கடலிலை தலை சுத்தினது எண்டு வந்து நிண்டியள். மனுசிக்குத் தெரிஞ்சால் கடலுக்கு விடமாட்டாள், சொல்லாதேங்கோ எண்டும் கேட்டியள். அப்ப நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்தானே, ஒரு இனிப்புச் சோடா பையிலை கிடக்கோணும், நடுங்கினால் மட்டும் உடைச்சுக் குடியுங்கோ, குடிச்ச உடனை ஏறும் எண்டு? போன கிழமையும் மூடி திறக்காமல் வைச்சிருக்கிறன் எண்டு பெருமையாச் சொன்னியள். இண்டைக்கு எங்கை அந்தச் சோடா?"

குணலட்சுமி கட்டில் கம்பியை எட்டிப் பிடித்தாள். நாளுக்கு ஒன்று இல்லை. எல்லா நாளும் அதே ஒரு போத்தல்தான்.

"டொக்டர்... அது நான்..." என்று வாயெடுத்தாள்.

ஊசி குத்தாத கையை நீட்டித் தம்பிஐயா அவள் விரல்களை இறுக்கிப் பிடித்தார். வாய் திறக்கப்போன ஜெயசுதன், அண்ணையின் ஒரு முறைப்பில் மூடிக்கொண்டான்.

"என்ன ஐயா, வாயைத் திறந்து சொல்லுங்கோவன்."

கள்வனைப்போலத் தலையைக் குனிந்துகொண்டார் தம்பிஐயா.

"ஆசை தாங்கேலாமல் நேத்து நானே குடிச்சிட்டன், டொக்டர்."

உங்கடை வீட்டுக்குள்ளும் உங்களுக்காகப் பழி சுமக்க ஒரு சீவன் நூறு வயசு இருக்கட்டும்.