டீசலில் அலசிய ரப்பர்

பழைய காண்டசா காரின் முன்சக்கரங்களைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பர்களைப் பிரித்து, புது ரப்பர் வளையங்கள் போட்டு மாட்டிய குணசீலன், மிஞ்சிய ஒரு வளையத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறான். காலையில் கச்சிதமாக இருந்தது இப்போது உப்பித் தொளதொளவென்று ஆடுகிறது. போர்வெல் லாரிச் சாமான்களைக் கழுவிப் பழகிய கை, எல்லா வளையங்களையும் டீசலில் அலசிவிட்டது. வண்டிக்குள் இருப்பவையும் உப்பியிருக்கும். பிரேக்கை விடாமல் உரசவைக்கும். உரசிச் சூடேறினால் இறக்கத்தில் பிடிக்காது. எதிரே திருச்செங்கோட்டு மலை உச்சிவெயிலில் செக்கச்செவேலென்று நிற்கிறது. கோயிலுக்கு அந்த வண்டியை ஓட்டிப்போன மனைவி தனப்பிரியாவை அழைக்கிறான். எண்ணெய்க் கையில் போன் வழுக்குகிறது.

“எங்க இருக்கற?”

“மலையில இருந்து எறங்கிட்டு இருக்கறனுங்க. பிரேக்கு அருமைங்க, மிதிக்காமயே புடிக்குது.”