மூன்றாவது விரல்

மலேசியாவில், சுங்கை புரோங்கில் எனக்கும் சரணுக்கும் செல்லன் அண்ணனுக்கும் பக்கத்துப் பக்கத்து வயல். மூன்றுக்கும் வாய்க்காலில் ஒரே தண்ணீர்க் கதவு. யார் திறப்பது என்ற சண்டை தீர, சரண் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதினான்; ஒருமுறை போட்டால் யாராலும் திருத்த முடியாத கணினி ஒப்பந்தம். மூவரும் அவரவர் போனில் விரல் வைத்தால்தான் கதவு தானாகத் திறக்கும், மூடும்.

"இனி நானே நினைச்சாலும் மாத்த முடியாது லா!" என்று குதித்தான்.

போன மாதம் செல்லன் அண்ணன் இறந்துபோனார். அவருக்குப் பிடித்ததையெல்லாம் பெட்டியில் வைத்தோம்: வெற்றிலை, தொப்பி, போன். வயல் கோடியில், பள்ளத்தில் இருக்கும் மயானத்தில் புதைத்தோம். அந்தப் போன் இல்லாமல் கதவு திறக்காது என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வயல் பாளம் பாளமாக வெடித்தது. இன்று காலை, "சும்மா அமுக்கிப் பார்ப்போம்ணே," என்றான் சரண். அமுக்கினோம். திரையில் மூன்று பச்சை விளக்கு எரிந்தது.

கதவு திறந்தது! தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. சரண் விசிலடித்தான். நான் சேற்றில் ஆடினேன்.

"எங்க வீட்டுக்காரரு எப்பவும் கடைசியாத்தான் அமுக்குவாரு," என்று செல்லன் அண்ணனின் மனைவி நாகமணி அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

மதியம் தண்ணீர் வயல் கோடியைத் தாண்டி மயானப் பள்ளத்தில் இறங்கியது. எங்கள் இரண்டு போனும் ஒன்றாக ஒலித்தன.

"கதவை மூட வேண்டும். செல்லன் விரல் வைத்துவிட்டார். உங்கள் இருவருக்காகக் காத்திருக்கிறது."